முகம் தெரியாத படம்

கொஞ்சம் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் போர்வைக்குள் கண்ணாடி இருக்கிறது. ஃபிரேம் போட்ட படம். மேலே வைக்கலாம் என்றால் கம்பி ஆடுகிறது, மடியில் வைக்கலாம் என்றால் முன் சீட்டு இடிக்கிறது. இப்படிக் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனால்தான் உடையாமல் போய்ச் சேரும்.

இது ஓசூர் பஸ்தானே? போர்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். கண்டக்டரிடமும் கேட்டேன். இருந்தாலும் உட்கார்ந்த பிறகு இன்னொருவர் வாயால் கேட்டால்தான் எனக்கு மனசு அடங்கும். நன்றி அண்ணா.

என்ன படம் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். யாரிடமாவது சொன்னால் எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும். ஆனால் நான் பொறாமையில் பேசுகிறேன் என்று மட்டும் நினைக்கக் கூடாது. எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் பெயர் தணிகைவேல். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுப்போம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பாங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கிறேன், அது கிடைக்கும்வரை ஸ்டூடியோ. படித்து வந்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். ஹால் டிக்கெட், கேஸ் அடுப்புத் திருகு, பஸ் போர்டு, எல்லாமே. எங்கள் வீட்டில் தப்பு நடந்தால் திருத்திக்கொடுக்க ஆள் கிடையாது இல்லையா, அதனால் வந்த பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கரடிப்பாறைக்குப் போவேன். ஊருக்கு வெளியே, ஒரே கல்லாக நிமிர்ந்து நிற்கும். அதில் ஏறுகிற குழு ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று பல ஊர்க்காரர்கள். இடுப்பில் பட்டை கட்டி, அதில் கயிற்றை முடிந்துகொண்டு, விரலையும் கால் நுனியையும் வைத்து ஏறுவார்கள். மேலே போய் எதையும் எடுத்து வருவதற்கு இல்லை. ஏறுவார்கள், இறங்குவார்கள், டீ குடிப்பார்கள், திரும்ப ஏறுவார்கள். என் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "கல்ல ஒடச்சாலாவது கூலி உண்டு. அது மேல ஏறி எறங்கினா எவன்டா குடுப்பான்?" என்பாள். நான் ஏறமாட்டேன் அண்ணா, எனக்கு உயரம் ஆகாது. நான் படம் எடுக்கத்தான் போனேன்.

போக ஆரம்பித்தது ஹேமாவால். ஹேமலதா. தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். ஒரு நாள் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தாள். எடுத்தேன். எங்கள் ஸ்டூடியோ வழக்கப்படி முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுத்தேன். யார் வந்தாலும் அதைச் செய்வோம், கேட்கவே வேண்டாம். கையில் வாங்கிப் பார்த்தவள், "யாருங்க இது?" என்றாள்.

"நீங்கதான்."

"நானா? மாவு மில்லுல இருந்து வந்த மாதிரி இருக்கு. கருப்பா இருக்கேன், மாத்திக் குடுங்கன்னு உங்ககிட்ட நான் சொன்னனா?"

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. இருந்த நிறத்துக்கே மாற்றி வேறு போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போகும்போது, "ஞாயித்துக்கிழம கரடிப்பாறைக்கு வாங்க. வெயில்ல எடுங்க. எப்படி இருக்கமோ அப்படியே எடுங்க" என்றாள்.

போனேன். இரண்டு வருஷம் போனேன். மழைக்காலம் தவிர ஒரு வாரம் விடவில்லை. குழுவில் யார் எந்தப் பாறையில் எப்போது ஏறினாலும் படம் எடுத்தது நான். முகம் தெளிவாக விழ வேண்டும் என்று பகலிலேயே ஃப்ளாஷ் போட்டு எடுப்பேன். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான் அண்ணா, முகம் தெரிய வேண்டும். ஆளுக்குப் பின்னால் சூரியன் இருக்கக் கூடாது. மணப்பெண் முகம் கருத்து விழுந்த படத்தை ஆல்பத்தில் வைத்தால் சம்பந்தி வீட்டில் சகுனம் பேசுவார்கள். எங்கள் முதலாளி ஏகாம்பரம் அண்ணன், அப்படி ஒரு படத்தை வைத்த பையனை அன்றே நிறுத்திவிட்டார். அதனால் என் படங்களில் எல்லோருக்கும் முகம் இருக்கும். பல் இருக்கும். நெற்றி வியர்வை வரை இருக்கும்.

ஹேமாவுக்கு ஏறும்போது நாக்கைக் கடிக்கிற பழக்கம். கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும். என் படத்தில் அது அப்படியே விழும். பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். "டேய் பட்டதாரி, இத அழிச்சிடுடா, ஸ்கூல் பசங்க பாத்தா என் மானம் போயிரும்" என்பாள். ஆமாம், அதற்குள் வாங்க போங்க எல்லாம் போய், வாடா போடா வந்துவிட்டது. அழித்துவிட்டேன் என்பேன். அழிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன் பாருங்கள். நல்ல ஃபோகஸில் இருக்கும் படத்தை அழிக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான்.

இப்படி இருந்தது. அப்புறம் இந்த மார்கழியில் கௌஷிக் வந்தான்.

பெங்களூர்ப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நல்ல கேமரா. அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொண்டுவருவான். எனக்கு ஒரு லென்ஸைக் கொடுத்து, "ஒரு வாரம் வச்சிருங்க ப்ரோ" என்றான். கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

வந்த முதல் ஞாயிறு பகல் முழுக்க அவன் கேமராவை எடுக்கவே இல்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வெயில் சாய ஆரம்பித்ததும், பாறையின் மேற்கு விளிம்பில் ஒருவர் ஏறும்போது, எதிரே நிழல் பக்கமாகப் போய்த் தரையில் மல்லாந்து படுத்தான். சூரியன் நேராகக் கேமராவுக்குள் விழுகிறது. நான் பதறிப்போய், "எதிர் வெளிச்சம் ப்ரோ, ஆள் கருப்பா விழுவாங்க" என்றேன்.

"கருப்பா விழட்டும் ப்ரோ. வானத்து வெளிச்சத்துக்கு அளவு வச்சிட்டேன். பாறையை மறந்துட்டேன்."

"மூஞ்சி?"

"மூஞ்சி எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், தொழில் தெரியாத பையன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவன் கேமராவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆரஞ்சு வானம். கத்தரித்து ஒட்டியதுபோலப் பாறை. அதன் விளிம்பில் கருப்பாக ஓர் ஆள். ஒரு கை மேலே, ஒரு கால் அந்தரத்தில், கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முக்கோணம் வானம். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. முகம் இல்லை. யார் என்றே தெரியாது. எல்லோரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் என் படத்தைப் பார்த்து ஒருவரும் அப்படிப் பேசாமல் இருந்ததில்லை. என் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பார்கள், "டேய், கண்ண மூடிட்டேன்டா" என்பார்கள். இதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

ஹேமாதான் முதலில் பேசினாள். "ஏறும்போது மனசுக்குள்ள எப்படி இருக்குமோ, அது வெளிய வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

கேட்டீர்களா? மனசுக்குள் இருப்பதாம். இரண்டு வருஷம் அவள் முகத்தை நான் எடுத்திருக்கிறேன். முகம் இல்லாத படத்தில் மனசு தெரிகிறதாம்.

அதற்குப் பிறகு வாரா வாரம் கௌஷிக்தான் எடுத்தான். என்னை யாரும் எடுக்காதே என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நானாகத்தான் கேமராவைப் பைக்குள் வைத்தேன். எதிரே ஃப்ளாஷ் அடித்தால் அவன் படம் கெட்டுவிடும் இல்லையா. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் ஹேமா எல்லோருக்கும் முன்னால், "தணிகை சும்மாதான உக்காந்திருக்கான், என் கயித்த அவன்கிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

கயிறு பிடிப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். ஏறுகிற ஆள் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். வழியில் பாறையில் அடித்திருக்கிற வளையங்களில் அதை மாட்டிக்கொண்டே போவார். மறு பக்கம் கீழே நிற்பவனின் இடுப்புப் பட்டை வழியாக வந்து அவன் கையில் இருக்கும். ஆள் நகர நகரக் கயிறு விட வேண்டும். வழுக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேமரா பிடித்த கையில் கயிறு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள்.

குறை வைக்காமல்தான் செய்தேன். என் பழக்கப்படி முடிச்சை இரண்டு தடவை பார்ப்பேன். அதற்கும் கிண்டல்.

"பாத்துட்டியா பட்டதாரி?"

"பாத்துட்டேன். ரெண்டு தடவ."

"மூணாவது தடவையும் பாத்துக்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்குத்தான் கஷ்டம்."

அது உண்மைதான். ஏதாவது ஆனால் கயிறு பிடித்தவன்மேல்தான் போலீஸ் கேஸ் வரும். அதற்குப் பிறகு நான் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் வழுக்கினாள். நான் ஒல்லி, பார்க்கிறீர்களே. கயிற்றை இறுக்கிவிட்டேன், ஆனால் அவள் கனம் என்னை அப்படியே மேலே தூக்கிவிட்டது. முழங்கால் பாறையில் அடித்தது. இறங்கி வந்தவளும் ஏறிப் போனவனும் நடுவில் முகத்துக்கு முகம் தொங்கினோம். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்புறம், "பட்டதாரி பறக்கிறார்!" என்று கத்திச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எல்லோரும் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். கௌஷிக் எடுத்த படத்தில் அவள் விழுகிற அழகு மட்டும் இருந்தது. நான் இல்லை. கயிறு ஃபிரேமின் அடியில் போய் முடிந்துவிட்டது. இவள் வானத்திலிருந்து தொங்குகிறாள் என்று நினைப்பார்கள் பார்க்கிறவர்கள்.

மறுவாரம் எனக்கு ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கி வந்தாள். "உள்ளங்கை கிழியுது, நீ சொல்ல மாட்டியே" என்றாள். நியாயம்தான். என் கை வழுக்கினால் ஆபத்து அவளுக்குத்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கௌஷிக் ஒரு நாள், "ப்ரோ, கொஞ்சம் கயிறு லூசா விடுங்க, கீழ ஒரு வளைவு வந்தா படம் சூப்பரா இருக்கும்" என்றான். நான் முடியாது என்றேன். லூசாக விட்டால், விழும்போது கூடுதலாக விழுவார்கள். இயற்பியல் படித்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவன் திரும்பக் கேட்டான். மேலே இருந்து ஹேமா, "அவன்கிட்ட கேக்காதீங்க கௌஷிக், அவன் விட மாட்டான். உங்க படத்துக்கு வளைவு வேணும்னா வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பிடிவாதக்காரன் என்று அவனிடமே சொல்லிக் காட்டுகிறாள். கலை தெரியாதவன் என்று அர்த்தம். எனக்குப் புரியாமலா போகும்?

குருபரப்பள்ளி தாண்டிவிட்டதா? சரி, நேரம் இருக்கிறது.

இப்போது இந்தப் படத்துக்கு வருகிறேன். இதோ காலுக்கு நடுவில் இருக்கிறதே, இதுதான். போன மாதம் எடுத்தது. அன்று வானத்தில் லேசாகத் தூசி. வெளிச்சம் தேன் மாதிரி இருந்தது, நானே ஒத்துக்கொள்கிறேன். ஹேமா விளிம்பில் பாதிக்கு மேல் போய்விட்டாள். கௌஷிக் வழக்கம்போல எதிரே தள்ளி, புளியமரத்தடி நிழலில் தரையோடு படுத்திருந்தான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். நான் பாறை அடியில் கயிற்றோடு. மேலே பார்த்தால் வானம் கண்ணைக் கூசவைத்தது. அவள் எனக்கும் கருப்பாகத்தான் தெரிந்தாள். கயிறு கையில் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை வைத்துத்தான் அவள் நகர்கிறாளா நிற்கிறாளா என்று தெரிந்துகொண்டேன்.

கயிறு நின்றது.

"அப்படியே நில்லுங்க மேடம்!" என்று கௌஷிக் கத்தினான். "சூரியன் கரெக்டா உங்க தோளுக்குப் பின்னால. மேல பாருங்க. தலைய மேல தூக்குங்க!"

அவள் தூக்கவில்லை போலிருக்கிறது. "மேல மேடம், மேல!" என்று திரும்பத் திரும்பக் கத்தினான். மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

படம் பிரமாதமாக வந்துவிட்டது. தோளில் சூரியன். தலை மட்டும் அவன் சொன்னபடி இல்லை, சாய்ந்திருந்தது. கருப்பாக இருப்பதால் எங்கே பார்க்கிறாள் என்று சொல்ல முடியாது. ஏதோ கால் வைக்க இடம் தேடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கௌஷிக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஹேமா பிடிவாதமாக அதைத்தான் பிடித்துக்கொண்டாள். குழுவுக்கு ஓசூரில் இன்று சாயங்காலம் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூட ஹாலில். வாசலில் இந்தப் படத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அவள் பேச்சுக்கு மறுப்பு இல்லை. ஏனென்றால் அவள் போகப்போகிறாள் அண்ணா. உத்தரகாண்ட் பக்கம் மலையேற்றப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ரயில். கிருஷ்ணகிரியில் குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தவள் இமயமலைக்குப் போகிறாள். சந்தோஷமான விஷயம்தான். எனக்கும் சந்தோஷம்தான்.

அதை அவள் என்னிடம் சொன்ன அன்று, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். "அங்க போட்டோ எடுக்க, வீடியோ எடுக்க ஒரு ஆள் வேணுமாம்டா. தங்கறதுக்கு இடமும் உண்டு" என்றாள்.

"கௌஷிக்கக் கேளு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "கௌஷிக்கா?"

"ஆமா. மலையெல்லாம் அவன்தான் நல்லா எடுப்பான். எனக்கு மூஞ்சிதான் எடுக்க வரும்."

அவள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். மிச்சம் முழுவதையும் அவளே சுருட்டி முடித்தாள். நான் சொல்வதற்கு முன்பே அவனைத்தான் நினைத்துவைத்திருப்பாள், கண்டுபிடித்துவிட்டானே என்று சங்கடமாகியிருக்கும். கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே, "அந்தப் படத்த நீதான் பிரிண்ட் போடணும். வேற யாரும் வேணாம்" என்றாள். அப்புறம், "மூஞ்சி தெரியல, மூஞ்சி தெரியலன்னு அழுதியே. கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாரையும் வெள்ளையாக்குவியே, போய் என்னையும் ஆக்கிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பழைய பாஸ்போர்ட் படத்தை இத்தனை நாள் மனசில் வைத்திருந்து குத்திக் காட்டுகிறாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நேற்று ஸ்டூடியோவில் அந்தப் படத்தைத் திறந்தேன். ஏகாம்பரம் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என்னடா இது, ஆளு கருகிப் போயிருக்கு? இருட்டத் தூக்குடா" என்றார். "இல்லண்ணே, இது இப்படித்தான், கலை" என்றேன். "கலையோ கொலையோ, என் கடைப் பேர் போட்ட கவர்ல கருப்பு மூஞ்சி வெளிய போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஃபோன் வந்து வெளியே போய்விட்டார்.

முதலாளி சொன்னால் செய்யத்தானே வேண்டும்? நானாகச் செய்யவில்லை. நல்ல கேமராவில் எடுத்த படம் என்றால், கண்ணுக்குக் கருப்பாக இருக்கிற இடத்திலும் உள்ளே விவரம் இருக்கும் அண்ணா. வெளிச்சம் கூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் மேலே வரும். தூக்கினேன். முதலில் பாறையின் வரிகள் வந்தன. அப்புறம் சட்டை மடிப்பு. காது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், புள்ளி புள்ளியாக, அரிசி மாவில் வரைந்ததுபோல, முகம் வருகிறது.

நிறத்தை நான் மாற்றவில்லை. சத்தியமாக. அவள் நிறத்திலேயே விட்டிருக்கிறேன்.

நாக்கைக் கடிக்கவில்லை. கன்னம் உப்பவில்லை. இடம் தேடவும் இல்லை. ஒரு கையில் தொங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சிரிக்கிறாள். எப்படிச் சொல்வது? நான் எடுத்த படங்களில் அவள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். இது அந்தச் சிரிப்பு இல்லை. யாருக்கும் தெரியாது, இருட்டில்தானே இருக்கிறோம் என்ற தைரியத்தில் சிரித்த சிரிப்பு. கல்யாண வீட்டில் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பாளே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து? அந்தப் பார்வையை எத்தனை கல்யாணத்தில் எடுத்திருப்பேன், எனக்கு அடையாளம் தெரியாதா?

அப்போதுதான் புரிந்தது. மேலே பார் மேலே பார் என்று அவன் கத்தக் கத்த, இவள் அவனையே பார்த்துச் சிரித்திருக்கிறாள். இத்தனை வாரம் முகம் தெரியாத படம், முகம் தெரியாத படம் என்று சொல்லி, இரண்டு பேருமாக எல்லோர் கண்ணையும் மறைத்திருக்கிறார்கள். கீழே ஒரு முட்டாள் கயிறு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

கருப்புப் படத்தையும் பிரிண்ட் போட்டேன். அது ஸ்டூடியோ மேஜைக்கு அடியில் இருக்கிறது. ஃபிரேம் போட்டது இதைத்தான். முகம் தெரிகிற படத்தை. இதைத்தான் இன்றைக்கு வாசலில் மாட்டப்போகிறேன். திறப்புக்கு முன்னால் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். அவள் பள்ளி டீச்சர்கள் வருகிறார்கள், அவள் அப்பா அம்மா வருகிறார்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

இதில் என்ன தப்பு? சொல்லுங்கள். நான் எதையும் சேர்க்கவில்லை. ஒட்டவில்லை, வெட்டவில்லை. இருப்பதைக் காட்டுகிறேன். மறைத்தது அவர்கள். எப்படி இருக்கமோ அப்படியே எடு என்று முதல் நாள் சொன்னது அவள்தானே? அவள் முகம் சுண்டிப்போகும், தெரியும். என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாள், அதுவும் தெரியும். அடுத்த வாரம் எப்படியும் போகிறவள்தானே. பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன?

இல்லை, கண்ணில் தூசி. ஜன்னலைக் கொஞ்சம் மூடுகிறீர்களா அண்ணா?

என்ன? பார்க்க வேண்டுமா? பார்க்கலாம். சூளகிரி நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது பிரிக்கிறேன், ஆடும்போது வேண்டாம். இதோ நின்றுவிட்டது. இந்த முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கை வைக்காதீர்கள், ரேகை விழும். மன்னிக்கணும், பழக்கம்.

பாருங்கள். இதுதான் ஹேமா. அழகாக இருக்கிறாளா? ஆமாம். அது எனக்குத் தெரியும். நான் அதைக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பாருங்கள். எப்படிப் பார்க்கிறாள் அவனை!

என்ன சொல்கிறீர்கள்?

உங்களைப் பார்க்கவில்லையா? உங்களை எதற்கு அவள் பார்க்க வேண்டும், நீங்கள் யார் என்றே அவளுக்குத் தெரியாதே. ஓ. படம் எடுத்தவனைப் பார்த்திருந்தால், படத்தைப் பார்க்கிற உங்களையும் பார்ப்பதுபோல இருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஆமாம். அது சரிதான். கல்யாணத்தில் நாங்கள் அதைத்தான் சொல்வோம், "இங்க பாருங்க, லென்ஸப் பாருங்க" என்று. லென்ஸைப் பார்த்தால்தான் ஆல்பத்தைத் திறக்கிறவர்களைப் பார்த்ததுபோல இருக்கும். அதுவும் முதல் பாடம்தான். அதிலிருந்து கொஞ்சம் விலகினால்கூட, அந்தப் பக்கம் நிற்கிற மாமனையோ அத்தையையோ பார்ப்பதுபோல ஆகிவிடும். எனக்கு அது தெரியாதா? எனக்கு...

பஸ் எடுத்துவிட்டான். இருங்கள், கெட்டியாகப் பிடியுங்கள். ஒரு நிமிஷம், இன்னும் மூட வேண்டாம்.

நீங்கள் சொல்வது சரி. கௌஷிக் படுத்திருந்தது இந்தப் பக்கம். அதாவது, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம். அவள் கண் இந்தப் பக்கம் வரவே இல்லை. நேற்றுப் பூராவும் பார்த்தேன், எனக்கு இது தோன்றவே இல்லை. பாருங்கள், கயிறு இடுப்பிலிருந்து இறங்குகிறதே, அதை ஒட்டியே பார்வையும் இறங்குகிறது. நேராகக் கீழே.

கீழே யார் நின்றது என்றா?

கீழே யாரும் இல்லை அண்ணா. எல்லோரும் கௌஷிக்குக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றார்கள், நான்தான் சொன்னேனே. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே வேறு யாருமே இல்லை. நான்தான் கயிறு பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் அண்ணா சிரிக்கிறீர்கள்?